யார் கையில் எந்தத் துண்டு: சுங்கை சிப்புட் வரலாற்று வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது சுங்கை சிப்புட். மலேசியாவின் பேரா மாநிலத்துப் பழைய தோட்டத்து ஊர்களில் ஒன்று. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லய வீடுகளை விட்டு ஊருக்குள் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களின் சீனர்கள், ஆற்றோரக் கம்பங்களின், அதாவது மலாய்க் கிராமங்களின், மலாய்க்காரர்கள், கிழக்கே மலைப்பக்கம் தெமியார் பூர்வக்குடியினர் என்று எல்லாரும் ஒரே சந்தைக்கு வந்துபோகிறார்கள். ஆனால் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி வரைக்கும் பெரும்பாலும் தனித்தனி. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி, பூர்வக்குடிக் கிராமத்துப் பள்ளி என்று ஆறு ஆண்டுகள் ஓடிவிடும். பதின்மூன்று வயதில் தேசிய இடைநிலைப்பள்ளியில்தான் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அதற்குள் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை வீட்டிலும் வீதியிலும் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் மூன்றாம் படிவ வகுப்பில், அதாவது பதினைந்து வயதுப் பிள்ளைகளிடையே, பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் கலந்த குழுக்களில் கற்பித்ததைப் பற்றியது. நான் அதே பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்கிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாடம் வரலாறு. ஆசிரியை தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் சம்மதத்தோடு பல பாடவேளைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இதில் வராது.

எங்கிருந்து தொடங்கியது

வகுப்பில் 31 பேர். தமிழர் 12, மலாய்க்காரர் 12, சீனர் 4, தெமியார் 3. ஆண்டின் தொடக்கத்தில் திடலில் ஒரு மலாய்ப் பையன் ஒரு தமிழ்ப் பையனைப் பார்த்து நம்மைக் குறிக்கும் அந்தப் பழைய வசைச்சொல்லைச் சொன்னான். பையன் ஆசிரியர் அறைக்கு வந்து ஆத்திரத்தில் அழுதான். கட்டொழுங்கு ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டார், எச்சரித்தார், கைகுலுக்க வைத்தார், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். முடிந்தது.

அடுத்த வாரம், திடலில் அழுத அதே தமிழ்ப் பையன் வகுப்பில் ஒரு தெமியார் பையனின் நாற்காலியை இழுத்து, "டேய் சாக்காய், அந்தப் பக்கம் போ" என்றான். பூர்வக்குடியினரை இழிவாகக் குறிக்கும் சொல் அது. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் தமிழரும் இருந்தார்கள், மலாய்க்காரரும் இருந்தார்கள். தெமியார் பையன் ஒன்றும் பேசாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். மறுபடியும் எச்சரிக்கை, கைகுலுக்கல், கையெழுத்து.

ஆசிரியையை உறுத்தியது இரண்டாவது சம்பவம்தான். முதல் சம்பவத்தில் நமக்கு வலித்தது. இரண்டாவதில் நாம் வலிக்க வைத்தோம், அதில் யாருக்கும் உறுத்தலே இல்லை. மலேசியத் தமிழர் நாம் சமவாய்ப்பு கேட்டு நாளிதழில் எழுதாத நாளில்லை. கேட்க வேண்டியதுதான், இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் அந்த நியாயம் நம் பிள்ளைகளுக்கு நம் இனத்தின் குறையாக மட்டுமே போய்ச் சேர்ந்தால், அவர்கள் தமக்குக் கீழே ஒருவரைத் தேடிக்கொள்கிறார்கள். இந்த ஊரில் அந்த இடத்தில் தெமியார் பிள்ளை இருக்கிறான். தோட்டத்தில் அது வங்காளதேசத் தொழிலாளராக இருக்கும்.

புள்ளிக் கணக்கு

பேச்சைக் கண்டித்தால் பேச்சு நிற்கும், வகுப்பு மாறாது என்று ஆசிரியை சொன்னார். முதலில் தன் வகுப்பையே பார்க்க விரும்பினார். ஒரு தாளில் இருக்கை வரைபடம் போட்டு என் கையில் கொடுத்தார். யாரிடம் பாடக் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. யாரிடம் வேலை சொல்கிறாரோ, அதாவது வெண்பலகை துடைப்பது, நோட்டுப் புத்தகம் சுமப்பது, கதவு சாத்துவது, அங்கே ஒரு வட்டம்.

இரண்டு வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது. முன்னிரண்டு வரிசைகளில், மலாய் சரளமாகப் பேசுகிறவர்கள் மீது புள்ளிகள் குவிந்து கிடந்தன. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நான்கு பெண்பிள்ளைகளின் கட்டங்களில் புள்ளி குறைவு, வட்டம் நிறைய. தெமியார் மூவரின் கட்டங்கள் காலி. அவர்களைக் கேள்வியும் கேட்கவில்லை, வேலையும் சொல்லவில்லை. ஆசிரியை அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்தவரில்லை. பாடத்தை முடிக்கும் அவசரத்தில், பதில் வரும் பக்கமே கேள்வி போயிருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் ஏற்றத்தாழ்வு இப்படித்தான் நுழைகிறது என்பது என் கருத்து. அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படுவதில்லை.

வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தோம். தெமியார் பிள்ளைகள் வாரநாளில் விடுதியில் தங்குகிறார்கள், வார இறுதியில் கிராமத்துக்குப் போகிறார்கள். மழை பெய்தால் மரம் ஏற்றும் செம்மண் பாதையில் நான்கு சக்கர உந்து வண்டிகூட இறங்காது. திங்கட்கிழமைகளில் அவர்கள் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். பதிவேட்டில் அது வெறும் "வரவில்லை". வரலாற்று ஆசிரியை குழுவேலை கொடுத்து வந்ததோ திங்கட்கிழமையில்.

துண்டு பிரித்த முறை

கலாசார நாள் நடத்தலாம் என்று பள்ளியில் ஒரு யோசனை வந்தது. எங்கள் பள்ளியில் அது வழக்கமாக நடப்பதுதான்: சேலை, பாஜு கூரோங், சியோங்சாம், முறுக்கு, லெமாங். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பன்முகக் கலாசாரக் கல்வியை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பேங்க்ஸ், பண்டிகையும் பெரியவர் பெயரும் சேர்ப்பதை இத்தகைய கல்வியின் முதல் படியாக மட்டுமே வைக்கிறார். பாடத்தையே வேறொருவர் கண்ணால் பார்க்க வைப்பது அதற்கு மேல் உள்ள படி. எங்கள் ஆசிரியை அந்த மேல்படிக்குத்தான் போக நினைத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட முறைக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்பது சட்டத்துக்குப் புறம்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டில் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், வெவ்வேறு இனத்தவரை அருகருகே உட்கார வைத்தால் மட்டும் வெறுப்பு குறையாது என்று எழுதினார். இருவருக்கும் சமநிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காக ஒன்றாக உழைக்க வேண்டும், மேலே உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் தனித்தனியாகப் படித்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே பள்ளிகளில் சேர்க்கப்பட்டபோது வகுப்புகளில் சண்டை மூண்டது. அப்போது உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவர் குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். ஒரே துண்டைப் பெற்றவர்கள் வேறு குழுக்களிலிருந்து ஒன்றுகூடி அதைக் கற்றுத் தேர்வார்கள். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஒருவனைக் கேலி செய்து வாயடைத்தால் அவன் கையில் உள்ள துண்டு கிடைக்காது, சோதனையில் எல்லாருக்கும் நட்டம்.

மூன்றாம் படிவ வரலாற்றில் ஆங்கிலேயர் ஆட்சி இந்நாட்டின் பொருளாதாரத்தையும் சமூகத்தையும் மாற்றியது பற்றிய பகுதி வருகிறது. மூன்றாம் படிவ முடிவில் நடந்துவந்த பிடி3 பொதுத்தேர்வு 2022இல் நீக்கப்பட்ட பிறகு மூன்றாம் படிவத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. ஆசிரியை அந்தப் பகுதியை இந்த மாவட்டத்தின் கதையாக ஐந்து துண்டாக்கினார்.

முதல் துண்டு ரப்பரும் நிறுவனங்களும். பிரேசிலிலிருந்து எடுக்கப்பட்ட விதையின் நாற்றுகள் 1877இல் சிங்கப்பூர் வழியாகப் பக்கத்து ஊரான கோலகங்சாருக்கு வந்த கதை; அந்தக் காலத்து மரமொன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. இரண்டாவது தோட்டத் தொழிலாளர்: 1910இல் முடிந்த ஒப்பந்தக் கூலி முறை, மேற்பார்வையாளரே தன் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரும், 1938இல் நின்ற கங்காணி முறை, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது 1960இல் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். மூன்றாவது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் (வெள்ளீயச்) சுரங்கங்களும் புதுக்கிராமங்களும். கம்யூனிஸ்டுகளுக்கு மக்களின் உதவி போகாமல் தடுக்க 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் மலாயாவெங்கும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். நான்காவது கம்பத்து மலாய்ச் சிறுதோட்டக்காரர். 1922 முதல் 1928 வரை நடந்த ஸ்டீவன்சன் திட்டம் ரப்பர் ஏற்றுமதிக்கு அளவு வைத்தபோது, தங்களுக்குக் கிடைத்த பங்கு குறைவு என்று வருந்தியவர்கள் இவர்கள். ஐந்தாவது தெமியார்: தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்குள்ளவர்கள். அவசரகாலத்தில் பூர்வக்குடியினரைக் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்ததில் பலர் இறந்தார்கள். அவர்களுக்கென்று தனிச் சட்டம் 1954இல் வந்தது.

நாடறிந்த வரலாற்றில் எங்கள் ஊர் தலைகாட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு நாளுக்காக. 1948 ஜூன் 16இல் இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதன் பின்னே மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அந்த ஒரு நாளைச் சுற்றி நாலு இனத்துக் குடும்பங்களும் எப்படி வாழ்ந்தன என்பதை இந்த ஐந்து துண்டுகளையும் சேர்த்தால்தான் காண முடியும்.

முதல் முறை தேறவில்லை

அவரவர் இனத்துத் துண்டை அவரவருக்கே கொடுத்தார் ஆசிரியை. வீட்டில் கேட்டு வந்து பெருமையோடு சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். தமிழ்ப் பையன் ஒருவன் தாளைத் திறக்கவே இல்லை. "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றான். பிறகு ஒப்பந்தக் கூலியையும் கங்காணி முறையையும் ஒன்றாகக் குழப்பிச் சொன்னான். ஒரு சீனப் பெண்ணின் குடும்பம் புதுக்கிராமத்திலேயே இருந்ததில்லை. அவள் தாத்தா ஈப்போவில் காப்பிக்கடை வைத்திருந்தவர். தனக்குச் சம்பந்தமில்லாத கதையைத் தன் கதையாகச் சொல்ல வேண்டியிருந்ததில் அவள் தடுமாறினாள். தெமியார் பையன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடவேளை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் தனியாகக் கேட்டபோது, எல்லாரும் தன்னையே பார்த்ததாகச் சொன்னான்.

பதினைந்து வயதுப் பிள்ளையை ஓர் இனத்துக்கே சாட்சியாக நிறுத்துவது கொடுமை. நல்ல எண்ணத்தில் செய்தாலும் கொடுமைதான். கலந்த வகுப்பில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த சுற்றில் துண்டுகள் கலந்து போயின. மலாய்ப் பையனுக்குத் தோட்டத் தொழிலாளர், தமிழ்ப் பெண்ணுக்குத் தெமியார், தெமியார் பையனுக்கு ரப்பர் நிறுவனம். குழுவேலை புதன்கிழமைக்கு மாறியது. வீட்டுப்பாடத்துக்குக் கைத்தொலைபேசியோ இணையமோ தேவைப்படாதபடி, வேண்டிய எல்லாம் தாளிலேயே கொடுக்கப்பட்டன. துண்டைக் கற்கும் நேரத்தில் எந்த மொழியிலும் பேசலாம், எழுதலாம். சொந்தக் குழுவுக்குத் திரும்பிச் சொல்லும்போது மலாய். இந்த ஒரு சலுகையில் தமிழ்ப்பள்ளிப் பெண்பிள்ளைகள் நால்வரும் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் தமிழில் அடித்துத் திருத்தி எழுதினார்கள். பிறகு ஒருத்திக்கொருத்தி கேட்டு மலாயில் அமைத்தார்கள். என் தமிழ் வகுப்பில் வாயாடிகளாக இருக்கும் அவர்கள் வரலாற்று வகுப்பில் ஊமைகளாக இருந்தது ஏன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தோட்டத் தொழிலாளர் துண்டு கிடைத்த மலாய்ப் பையன், வகுப்புத் தோழி ஒருத்தியின் கொள்ளுப்பாட்டியைப் பார்க்கப் போனான். நானும் உடன் போனேன். பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. சந்தை மலாயில் பேசினார்: "சாயா கெச்சில் கெச்சில் சூடா கெர்ஜா." சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்விட்டாராம். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவது, கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவது எல்லாவற்றையும் சொன்னார். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன அவர் அப்பா திரும்பி வரவேயில்லை. பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான். "நெனெக் (பாட்டி), உங்களுக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கா?" என்று மலாயில் கேட்டான். "இல்ல தம்பி" என்று தமிழிலேயே பதில் வந்தது. மொழிபெயர்க்க நான் வாயெடுக்குமுன் அவன் தலையசைத்துவிட்டான்.

திடலில் அந்த வசைச்சொல்லைச் சொன்னவன் இவன்தான்.

வரைபடம்

கலந்த குழுவிலும் ஒரு சிக்கல் இருந்தது. யார் சொன்னால் எடுபடும் என்பதைப் பிள்ளைகள் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய எலிசபெத் கோஹன் இதைத்தான் ஆராய்ந்தார். குழுவில் மதிப்பு உயர்ந்தவர் அதிகம் பேசுவார், அதிகம் பேசுவதாலேயே அதிகம் கற்பார். இடைவெளி குழுவுக்குள்ளேயே வளரும். ஆசிரியர் கவனித்துக்கொண்டே இருந்து, ஒதுங்கிய பிள்ளை உண்மையாகவே திறமை காட்டும் இடத்தில் அதை எல்லார் முன்னும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பது அவர் சொன்ன மருந்து. பொத்தாம் பொதுவாக "நன்று" என்றால் வேலைக்காகாது. பாராட்டு உண்மையாக இருக்க வேண்டும், பாடத்துக்குத் தேவையானதாகவும் இருக்க வேண்டும்.

அதற்கு வாய்ப்பு ரப்பர் நிறுவனத் துண்டில் வந்தது. தோட்டங்கள் எந்த இடத்தில் வந்தன என்று குழு வரைபடம் போட வேண்டும். கையிலிருந்த அச்சுப் படத்தில் ஊருக்குக் கிழக்கே வெறும் பச்சை. தெமியார் பையன் பென்சிலை எடுத்தான். சுங்கை பிளுஸ் ஆற்றை இழுத்தான், அதில் சுங்கை பியா வந்து சேரும் இடத்தைக் காட்டினான், கிளைகளைப் போட்டான், எந்த மேட்டில் எந்தக் குடியிருப்பு என்று புள்ளி வைத்தான். அழிப்பானைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண், "இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நடந்து போயிருக்கிறேன் என்றான்.

ஆசிரியை வகுப்பை நிறுத்தினார். நிலம் எப்படிச் சரிகிறது, ஆறு எங்கே போகிறது என்று தெரியாமல் தோட்டம் ஏன் அங்கே வந்தது என்று விளக்க முடியாது. இந்த வகுப்பில் அது தெரிந்தவர் ஒருவர்தான். எல்லாக் குழுவும் இவரிடம் வந்து தங்கள் படத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பத்து நிமிடம் அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம். நாற்காலியை இழுத்த தமிழ்ப் பையனும் படத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இந்த ஆறு சரியா?" என்று மட்டும் கேட்டான். தெமியார் பையன் திருத்திக் கொடுத்தான்.

பெற்றோர்

ஒரு தமிழ்த் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், எங்க புள்ள அந்தப் பசங்களோட உக்காரணுமா? பாடம் பின்தங்கிடாதா?" வெளிப்படையாகக் கேட்டார், அதற்காக அவரை மதிக்கிறேன். தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லி வெளியே வந்தவர் அவர். மகளின் தேர்ச்சி ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். ஆசிரியை வாதாடவில்லை. மகள் எழுதிய தெமியார் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இடம்பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி அவள் மலாயில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவர் முழுக்கப் படித்தார். "நல்லா எழுதியிருக்கா. மார்க் மட்டும் கொறையாம பாத்துக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். முழுச் சம்மதமா என்றால் இல்லை. ஆனால் மகளை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லவும் இல்லை.

நிர்வாகத்தின் கவலை வேறு: பாடத்திட்டம் முடியுமா? உண்மையில் ஐந்து துண்டுக்கும் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. வேறோர் அலகைச் சுருக்க வேண்டியிருந்தது. வரலாறு, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் பொதுத்தேர்வில் கட்டாயம் தேற வேண்டிய பாடம் என்பதால் இந்தக் கவலையை லேசாகத் தள்ளிவிட முடியாது.

கண்டது

ஆண்டு இறுதியில் மறுபடியும் அதே இருக்கைத் தாள், அதே புள்ளிகள். முன்வரிசைக் குவியல் கலைந்திருந்தது. தமிழ்ப்பள்ளிப் பெண்பிள்ளைகளின் கட்டங்களில் வட்டத்தைவிடப் புள்ளி அதிகம். தெமியார் மூவரின் கட்டங்களும் காலியாக இல்லை. மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. யாருக்கும் இறங்கவும் இல்லை. மூவரில் இருவர் ஒழுங்காக வந்தார்கள். மூன்றாமவர், ஒரு பெண்பிள்ளை, நீண்ட விடுமுறைக்குப் பிறகு திரும்பவில்லை. விடுதி பிடிக்கவில்லை என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வகுப்பில் ஒரு பாடம் நன்றாக நடந்தால் விடுதியின் தனிமை தீர்ந்துவிடாது. கிளந்தானில் 2015இல் தண்டனைக்குப் பயந்து விடுதியை விட்டுக் காட்டுக்குள் ஓடிய ஏழு பூர்வக்குடிப் பிள்ளைகளில் இருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதற்குப் பிறகும் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததை "ஆர்வமில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வசைச்சொல் இந்த வகுப்பறைக்குள் கேட்பதில்லை. பேருந்திலும் சிற்றுண்டிச்சாலையிலும் இன்னும் கேட்கிறது. என் தமிழ் வகுப்பில் நான் இப்போது அதை நேரடியாகவே பேசுகிறேன். அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அதே பிரிவு பூர்வக்குடியினரின் நலனுக்குத் தனி ஏற்பாடு செய்யவும் இடம் தருகிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வைக்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் எளிதானவை அல்ல. நாட்டின் கொள்கையை வகுப்பறையில் யாரும் தீர்த்துவைக்க முடியாது. யாரிடம் கேள்வி கேட்பது, யாரை யாரோடு உட்கார வைப்பது, எந்த நாளில் குழுவேலை என்பதெல்லாம் ஆசிரியர் கையில்தான் இருக்கின்றன.

நான்காம் படிவத்தில் பிள்ளைகள் பாடத்தொகுப்புப்படி பிரிகிறார்கள். இந்த வகுப்பின் தெமியார் மாணவர் இருவரும் கடைசி வகுப்புக்குப் போகிறார்கள். ஆற்றைச் சரிபார்க்க வந்த பெரும்பாலோர் வேறு வகுப்புகளுக்கு. வரலாறு எல்லாருக்கும் பொதுப்பாடம் என்பதால், வாரத்தில் ஒரு பாடவேளையாவது கடைசி வகுப்பையும் வேறொரு வகுப்பையும் சேர்த்து நடத்த ஆசிரியை அனுமதி கேட்டிருக்கிறார். கால அட்டவணை இன்னும் முடிவாகவில்லை. புவியியல் ஆசிரியர் இருக்கைத் தாளைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அவர் வகுப்பில் புள்ளி வைக்க ஒருவர் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு ஒரு பாடவேளை ஓய்வு இருக்கிறது, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.